ஈஸ்ட்டுக்கும் மூப்பு உண்டு

(இளம் அறிவியல், தாவரவியல், மூன்றாம் ஆண்டு)

நரை, திரை, மூப்பு, சாக்காடு என்று மனித வாழ்வின் பின்பகுதியை நம் முன்னோர் நான்கு சொற்களில் வரிசைப்படுத்தி வைத்தனர். அந்நான்கையும் வெல்ல வழி தேடியவர்கள் சித்தர்கள். பழனி மலைமேல் போகர் சமாதி இருக்கிறது. அவர் பெயரைச் சொன்னாலே காயகற்பம் என்ற சொல்லும் உடன் வரும். மூப்பை நிறுத்தும் மூலிகை இந்த மலைத்தொடரில் எங்கோ ஒரு பாறையிடுக்கில் முளைத்திருக்கிறது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்வதுண்டு. அம்மூலிகையைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. ஆனால், 'மூப்பு ஏன் வருகிறது?' என்ற அதே கேள்வியை விஞ்ஞானிகள் கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரிடம் கேட்டு, எழுபது ஆண்டுகளாக விடை பெற்று வருகிறார்கள். அவ்வுயிர் ஈஸ்ட்.

ஈஸ்ட் நமக்கு அந்நியமானதன்று. கள்ளைப் பொங்க வைப்பது அது. பதநீர்க் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவது அதை அடக்குவதற்கே. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பிப் பழத்தின் தோலை நீக்கியபின், கொட்டையைச் சுற்றியுள்ள வழுவழுப்புப் போவதற்காகத் தொட்டியில் போட்டு வைப்பார்கள். அங்கே பாக்டீரியாக்களோடு சேர்ந்து வேலை செய்வதும் ஈஸ்ட்தான். கனிந்த மலைவாழைப் பழத்தின் தோல் வெடித்த இடத்தை ஒருநாள் கழித்து மோந்து பார்த்தால் அதன் வாடை தெரியும். பழனிப் பஞ்சாமிர்தத்தில் மட்டும் அதன் ஜம்பம் சாயாது. மலைவாழை, சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய் ஆகியவற்றை ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல் பிசைவதால், அங்குள்ள இனிப்பின் அடர்த்தி ஈஸ்ட் செல்லிலிருந்து நீரை வெளியே இழுத்துவிடும். அதே பஞ்சாமிர்தத்தில் தாராளமாக நீரைக் கலந்து சில நாள் வைத்துப் பாருங்கள், நுரைத்துப் புளித்துவிடும். ஆஸ்மாஸிஸ் பாடத்திற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேறில்லை என்பது என் எண்ணம்.

என் தந்தையார் கொடைக்கானலில் ஒரு ரொட்டிக் கடையில் மாவு பிசைபவர். கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், மார்கழி இரவில், மாவு எளிதில் எழாது. அடுப்புக்கு அருகே தள்ளி வைத்துச் சாக்கினால் மூடிக் காத்திருக்க வேண்டும். சில நாள் என்ன செய்தாலும் எழாது. அப்போது அவர், "ஈஸ்ட் கிழடு தட்டிப் போச்சு" என்பார். இது வெறும் பேச்சுவழக்கு என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். இரண்டாம் ஆண்டில் செல் உயிரியல் பாடம் படித்த பிறகே, அச்சொல்லுக்குள் ஒரு நூலகத்தை நிரப்பும் அளவுக்கு ஆராய்ச்சி இருப்பது தெரிந்தது.

ஒரு செல் உயிரிகளுக்கு மூப்பே இல்லை என்பது பழைய கொள்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய விஞ்ஞானி ஆகஸ்ட் வைஸ்மான் இதை வலியுறுத்தினார். ஓர் அமீபா இரண்டாகப் பிரிந்தால் எது தாய், எது சேய்? இரண்டும் இளையவை, இரண்டும் பழையவை. சவம் எங்கும் இல்லை. ஆகவே சாவும் இல்லை என்பது அவர் வாதம். அமீபாவிற்குப் பொருந்திய இவ்வாதம் ஈஸ்ட்டிற்குப் பொருந்தவில்லை. ஏனெனில், ரொட்டி ஈஸ்ட்டான ஸாக்கரோமைசிஸ் செரிவிசியே சரிபாதியாகப் பிரிவதில்லை, மொட்டு விடுகிறது. பெரிய செல் தாய், மொட்டு மகள். மகள் பிரிந்து போன இடத்தில் தாயின் சுவரில் கைட்டின் என்னும் பொருளாலான வட்ட வடு ஒன்று நிலைத்துவிடும். மரத்துக்கு ஆண்டு வளையம் போல, ஈஸ்ட்டுக்குப் பேற்று வடு. அதை எண்ணினால் அத்தாய் எத்தனை பெற்றவள் என்று தெரிந்துவிடும்.

1959-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவைச் சேர்ந்த ராபர்ட் மார்ட்டிமர், ஜான் ஜான்ஸ்டன் ஆகிய இருவரும், ஒரு தாய்ச் செல் வாழ்நாளில் எத்தனை மகள்களை ஈனும் என்று கணக்கிட்டு வெளியிட்டனர். அவர்கள் கையாண்ட முறை பொறுமைக்கே சோதனை. நுண்ணோக்கியின் கீழ் அகார் தட்டில் ஒரு செல்லை வைத்து, அது மொட்டு விட்டதும் மிக நுண்ணிய கண்ணாடி ஊசியால் மகளைத் தள்ளி அப்புறப்படுத்துவது. ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரத்தில் அடுத்த மகள். மறுபடியும் தள்ளுவது. இன்று இவ்வேலையைச் செய்யும் ஆய்வாளர்கள், இரவில் உறங்கப் போகும்போது தட்டைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துத் தாயின் காலத்தையும் நிறுத்தி வைத்துவிட்டுப் போகிறார்கள்! கண்டது என்ன? ஒரு தாய் இருபது முதல் முப்பது மகள்கள் வரை ஈன்று, வரவரப் பெருத்து, தாமதித்து, இறுதியில் நின்றுவிடுகிறது. மகளோ, தாய்க்கு எத்தனை வயதானாலும் பெரும்பாலும் முழு ஆயுளோடு பிறக்கிறாள்.

அப்படியானால் என் தந்தையார் கையில் எடுக்கும் ஈஸ்ட்டில் கிழவிகள் எத்தனை பேர்? கணக்குப் போட்டால் வியப்பாக இருக்கும். வளரும் கூட்டத்தில் பாதிப்பேர் இன்னும் ஒரு முறையும் ஈனாதவர்கள். கால்பங்கு ஒரு முறை ஈன்றவர்கள். அரைக்கால் இருமுறை ஈன்றவர்கள். இப்படியே பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டு போனால், இருபதும் அதற்கு மேலும் ஈன்ற தாய் ஏறத்தாழப் பத்து லட்சத்தில் ஒருத்தி. ஆகவே மாவு எழாததற்கு அவள் காரணமல்லள். அங்கே நடப்பது இரண்டாம் வகை மூப்பு. உணவு தீர்ந்து, பெருக்கம் நின்று, சும்மா இருக்கும் செல் எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்பது அது. முதல் வகையைப் பேற்று ஆயுள் என்றும், இரண்டாம் வகையைக் கால ஆயுள் என்றும் வைத்துக்கொள்வோம். தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் நம் எலும்பு மச்சைச் செல்களுக்கு முதலாவது ஓரளவு ஒப்பு. பிறந்த பின் பெரும்பாலும் பிரியாமலே இருந்து உழைக்கும் மூளைச் செல்களுக்கும் இதயத் தசைச் செல்களுக்கும் இரண்டாவது ஒப்பு. இவ்வேறுபாட்டை மனத்தில் வைக்காவிட்டால் பின்னால் வரும் சண்டைகள் புரியா.

இனி மைட்டோகாண்டிரியாவுக்கு வருவோம். 1898-இல் கார்ல் பெண்டா என்பவர் கிரேக்க மொழியில் இழை, மணி என்று பொருள்படும் இரு சொற்களைச் சேர்த்து இப்பெயரை வைத்தார். 'செல்லின் ஆற்றல் நிலையம்' என்று நாம் தேர்வில் எழுதி மதிப்பெண் பெறுகிறோம். அந்நிலையம் எப்படி ஓடுகிறது? பெரியாற்று நீர் லோயர் கேம்ப் மின்நிலையத்தில் குழாய் வழியே மலையிலிருந்து பாய்ந்து சக்கரத்தைச் சுழற்றுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உணவிலிருந்து கிடைக்கும் எலெக்ட்ரான்களின் ஆற்றலைக் கொண்டு, மைட்டோகாண்டிரியாவின் உட்சவ்வு ஹைட்ரஜன் அயனிகளை ஒரு பக்கமாக இறைத்துத் தேக்குகிறது. தேங்கியவை திரும்பி வரும் வழியில் ஒரு நுண்சக்கரம் உண்மையாகவே சுழல்கிறது. அது சுழலும்போது ஏ.டி.பி. உண்டாகிறது. இத்தேக்கக் கொள்கையைப் பீட்டர் மிட்செல் 1961-இல் வெளியிட்டபோது பலர் ஏற்கவில்லை. 1978-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஏ.டி.பி.யை 1929-இல் கண்டறிந்தவர்களில் ஒருவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து ஹார்வர்டு சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். நம் பாடநூல்களில் அவர் பெயர் இன்னும் சற்றுப் பெரிய எழுத்தில் இருக்கலாம்.

ஈஸ்ட்டிடம் ஒரு விநோத குணம் உண்டு. காற்று தாராளமாக இருந்தாலும், சர்க்கரை நிறைய இருக்கும்வரை அது மைட்டோகாண்டிரியாவை முழுமூச்சில் பயன்படுத்துவதில்லை. சர்க்கரையை அரைகுறையாக உடைத்து, ஒரு குளுகோஸுக்கு இரண்டே ஏ.டி.பி. எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஆல்கஹாலாக வெளியே தள்ளிவிடுகிறது. விளைந்த காலத்தில் வீணடிக்கும் குடும்பம் போல. சர்க்கரை தீர்ந்த பிறகுதான் மைட்டோகாண்டிரியாவைப் பெருக்கிக்கொண்டு, தான் தள்ளிய ஆல்கஹாலையே மீண்டும் எடுத்து எரித்து வாழத் தொடங்கும். அதாவது, மைட்டோகாண்டிரியாவின் சுவாசமின்றியும் ஈஸ்ட் சில காலம் வாழ முடியும். நம்மால் முடியாது. இதனால்தான் மைட்டோகாண்டிரியாவைக் கெடுத்துப் பார்த்து ஆராய ஈஸ்ட்டைப் போல் வசதியான உயிர் வேறில்லை.

அப்படிக் கெட்டுப்போன ஈஸ்ட்டை முதலில் இனங்கண்டவர் பாரிஸில் பணியாற்றிய போரிஸ் எஃப்ரூஸி. அக்ரிஃப்ளேவின் என்னும் சாயத்தில் வளர்ந்த ஈஸ்ட், தட்டில் மிகச் சிறிய கூட்டங்களாக முளைத்ததை அவரும் அவர் குழுவினரும் 1949-இல் விவரித்தனர். பிரெஞ்சு மொழியில் சிறியது என்ற பொருளில் 'பெத்தீத்' என்று பெயரிட்டனர். சர்க்கரை தீர்ந்ததும் ஆல்கஹாலை எரிக்க வழியின்றி வளர்ச்சி நின்றுவிடுவதால் அவை சிறியவை. சாயம் படாமலே கூட, நூற்றில் ஒன்று என்னும் அளவில் இவை தாமாகத் தோன்றும். இக்குறை மெண்டல் விதிப்படி பிள்ளைகளுக்குப் போகவில்லை. உட்கருவிற்கு வெளியே ஏதோ ஒரு பரம்பரைப் பொருள் இருக்க வேண்டும் என்று எஃப்ரூஸி வாதிட்டார். பின்னர் 1960-களில் மைட்டோகாண்டிரியாவுக்குச் சொந்த டி.என்.ஏ. இருப்பது தெரிந்தபோது அவர் வாதம் உறுதியாயிற்று. பெத்தீத் செல்களில் அந்த டி.என்.ஏ. பெருமளவு சிதைந்தோ முற்றும் இல்லாமலோ இருக்கிறது.

ஈஸ்ட்டின் மைட்டோகாண்டிரியா டி.என்.ஏ. எட்டுப் புரதங்களுக்கே விதி எழுதி வைத்திருக்கிறது. அந்த உறுப்பில் உள்ள மற்றப் புரதங்கள், ஆயிரத்தை ஒட்டியவை, உட்கருவின் கட்டளைப்படி வெளியே தயாராகி உள்ளே போகின்றன. அந்த எட்டைத் தயாரிக்கவும் மைட்டோகாண்டிரியாவுக்குள் தனி ரைபோசோம் இருக்கிறது. அதன் வடிவத்தை, 2014-இல் பெரும்பகுதியையும் 2017-இல் முழுமையையும், அணு அணுவாகப் படம் பிடித்துக் காட்டியது வெங்கி ராமகிருஷ்ணனின் கேம்பிரிட்ஜ் குழு. 1952-இல் சிதம்பரத்தில் பிறந்தவர். 2009-இல் ரைபோசோம் ஆராய்ச்சிக்காக நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அவரே 2024-இல் மூப்பையும் சாவையும் பற்றி ஒரு நூல் எழுதியிருக்கிறார் என்பது என் போன்றவனுக்கு ஊக்கம் தரும் செய்தி.

சரி, சுவாசம் இழந்த பெத்தீத் விரைவில் மூப்படைகிறதா? இங்கேதான் விஷயம் சுவைக்கிறது.

கால ஆயுளைப் பொறுத்தவரை விடை தெளிவு. பெத்தீத்கள் விரைவில் சாகின்றன. சும்மா இருப்பதற்கும் ஆற்றல் வேண்டும். சர்க்கரை தீர்ந்த பின் அந்த ஆற்றலைத் தருவது சுவாசம் ஒன்றே. வளரும் காலத்தில் மைட்டோகாண்டிரியாவை நன்கு பழக்கி வைத்த செல்கள் பஞ்ச காலத்தில் நெடுநாள் தாக்குப்பிடிக்கின்றன. 'டார்' என்றொரு புரதம் ஈஸ்ட்டிலும் நம்மிடத்திலும் உண்டு. உணவு நிறைய இருக்கிறது, வளரலாம் என்று செல்லுக்கு முரசறைவது அதன் வேலை. இதன் முரசைத் தணித்தால் ஈஸ்ட்டின் சுவாசம் கூடுகிறது, கால ஆயுளும் கூடுகிறது என்று ஜெரால்டு ஷேடல் குழுவினர் 2007-இல் காட்டினர். டாரைத் தணிக்கும் ராபமைசின் என்ற மருந்து, பசிபிக் கடலின் ஈஸ்டர் தீவு மண்ணிலிருந்து கிடைத்த ஒரு நுண்ணுயிரியின் சுரப்பு. அதைப் பிரித்தெடுத்துப் பல்லாண்டு விடாமல் காத்தவர் இந்திய வம்சாவளியினரான சுரேந்திரநாத் சேகல். அம்மருந்து செல்லில் எதைத் தாக்குகிறது என்பதை 1991-இல் ஈஸ்ட்டைக் கொண்டே கண்டுபிடித்த மூவருள் ஒருவர் ராவ் மோவா. இதில் நம்மவர் பங்கு சிறிதன்று.

பேற்று ஆயுளில் கதை மாறுகிறது. சில ஈஸ்ட் வகைகளில் பெத்தீத் தாய், நல்ல தாயைவிட அதிக மகள்களை ஈன்றது! அமெரிக்காவின் லூசியானாவில் மைக்கேல் ஜாஸ்வின்ஸ்கி குழுவினர் 1999-இல் இதை வெளியிட்டனர். வேறு சில வகைகளில் பெத்தீத்தின் ஆயுள் குறைந்தது. இன்னும் சிலவற்றில் மாறவே இல்லை. காரணம் இப்படி விளக்கப்படுகிறது. மைட்டோகாண்டிரியா பழுதானால் அது உட்கருவுக்கு ஒரு செய்தி அனுப்புகிறது. அதைப் பெற்ற உட்கரு சில ஜீன்களை முடுக்கிவிட்டு, செல்லின் செலவு வகைகளையே மாற்றி அமைக்கிறது. ரோனால்டு பூட்டோ என்பவர் முன்பே கண்டிருந்த இந்தப் பின்னோக்குச் செய்திப் போக்கு வலுவாக உள்ள வகைகளில், பழுதே மருந்தாகிவிடுகிறது. அது மெலிந்த வகைகளில் பழுது பழுதாகவே நிற்கிறது.

பட்டினி பற்றிய சண்டையும் இத்தகையதே. ஊட்டத்தில் இரண்டு சதம் இருக்கும் குளுகோஸை அரைச் சதமாகக் குறைத்தால் தாயின் பேற்று ஆயுள் கூடும். சுவாசம் அதிகரிப்பதே இதற்குக் காரணம் என்று லெனார்டு குவாரெண்டே குழுவினர் 2002-இல் எழுதினர். மூன்றே ஆண்டுகளில், அதே குவாரெண்டேயிடம் பயின்ற மாட் கேபர்லைனும் அவர் கூட்டாளிகளும், சுவாசமே இல்லாத ஈஸ்ட்டிலும் பட்டினி ஆயுளைக் கூட்டுகிறது என்று மறுத்தனர். குருவை மறுத்த சீடர் இருவரும் வேறு வேறு ஈஸ்ட் வகைகளையும் வேறு வேறு குளுகோஸ் அளவுகளையும் கையாண்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். எனக்கு இதில் கேபர்லைன் பக்கமே வலுவுள்ளதாகப் படுகிறது. ஒரு பொருள் இல்லாதபோதும் விளைவு நிகழுமானால், அப்பொருளே காரணம் என்று எப்படிச் சொல்வது?

ஆனால் பிறகு வந்த ஆராய்ச்சிகள் கேள்வியையே திருப்பிப் போட்டுவிட்டன. மைட்டோகாண்டிரியா என்றால் ஆற்றல் நிலையம் மட்டுந்தானா? இரும்பும் கந்தகமும் சேர்ந்த சிறு கூட்டுகளைத் தயாரிப்பதும் அதன் தொழில். டி.என்.ஏ.யைப் பழுது பார்க்கும் என்ஸைம்கள் சிலவற்றுக்கு அக்கூட்டுகள் இன்றியமையாதவை. சுவாசமின்றி ஈஸ்ட் வாழும். இரும்பு கந்தகக் கூட்டின்றி வாழாது. 2009-இல் டேனியல் காட்ஷ்லிங் குழுவினர் கண்டது இது: மைட்டோகாண்டிரியா டி.என்.ஏ. இழந்த செல்களில் உட்கருவின் டி.என்.ஏ.யும் நிலைகுலைகிறது. சுவாசம் நின்றதன்று காரணம். உட்சவ்வின் தேக்கம் வற்றி, இக்கூட்டுகளின் உற்பத்தி குன்றியதே காரணம்.

அந்தத் தேக்கம் ஏன் வற்றுகிறது? அதே குழுவின் ஆடம் ஹியூஸ் 2012-இல் ஓர் எதிர்பாராத இடத்தைச் சுட்டினார். வாக்குவோல்! தாவரவியல் மாணவர்களாகிய நாம் அதை வெறும் நீர்ப்பை என்று நினைப்பது வழக்கம். ஈஸ்ட்டில் அது புளிப்புமிக்க ஒரு சேமிப்பு அறை. தாய் சில மகள்களை ஈன்ற உடனேயே, இளம் வயதிலேயே, அந்தப் புளிப்புக் குறையத் தொடங்குகிறது. புளிப்புக் குறைந்தால் அமினோ அமிலங்களை உள்ளே இழுத்துப் பூட்டி வைக்க இயலாது. அவற்றில் சிஸ்டீன் வெளியே தங்கிவிட்டால் செல்லின் இரும்புக் கணக்கு குழம்புகிறது என்று 2020-இல் ஹியூஸ் மேலும் காட்டினார். இரும்பு சரியாகக் கிட்டாத மைட்டோகாண்டிரியா, நூலிழை போல் இருந்தது, துண்டு துண்டாக உதிர்கிறது. வாக்குவோலின் புளிப்பைச் செயற்கையாகக் காத்தபோது மைட்டோகாண்டிரியா பிழைத்தது, தாயின் ஆயுளும் கூடியது. அடுப்படி கெட்டதற்குக் காரணம் அடுப்பில் இல்லை, பண்டசாலையில் என்பது போல் இருக்கிறது இது.

மகள் எப்படி இளமையோடு பிறக்கிறாள் என்பதற்கும் இங்கே பாதி விடை உண்டு. மகளின் வாக்குவோல் மீண்டும் புளிப்பேறிவிடுகிறது. அத்துடன், மைட்டோகாண்டிரியாவில் நல்லவையே மொட்டுக்குள் அதிகம் செல்கின்றன. குறையுள்ளவை தாயிடம் தங்குகின்றன என்று கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லிஸா பான் குழுவினர் 2011-இல் வெளியிட்டனர். நல்ல அரிசியைப் பிள்ளைக்கு வடித்துப் போட்டு, நொய்யைத் தான் குடிக்கும் தாய்மார் நம் வீடுகளில் மட்டும் இல்லை போலும்.

எல்லாத் தாய்களும் ஒரே வழியில் மூப்படைவதும் இல்லை. ஒரே ஜீன்கள், ஒரே ஊட்டம் உள்ள செல்களில் ஏறத்தாழப் பாதி, உட்கருவின் டி.என்.ஏ. பகுதி குலைந்து சாகின்றன. மற்றவை மைட்டோகாண்டிரியா குலைந்து சாகின்றன. இவ்விரு வழிகளும் ஒன்றையொன்று தடுப்பவை. கலிபோர்னியாவில் நான் ஹாவோ குழுவினர் 2020-இல் இதைக் கண்டு, 2023-இல் ஒரு தந்திரம் செய்தனர். செல் எந்த ஒரு வழியிலும் முழுதாகச் சாய்ந்துவிடாமல், இரண்டுக்கும் நடுவே ஊசலாடிக்கொண்டே இருக்குமாறு ஜீன்களை இணைத்தனர். ஆயுள் 82 சதம் கூடிற்று.

இவ்வளவையும் நான் தேடிப் படிக்கக் காரணம் ஒரு தகர டப்பா. சென்ற ஆண்டு கொடைக்கானலுக்குக் காரில் வந்த ஒருவர், என் தந்தையாரின் முழங்கால் வலியைக் கேட்டறிந்து, 'மைட்டோகாண்டிரியாவுக்கு வலுவூட்டி இளமையைத் திருப்பும்' தூள் ஒன்றை விற்றுவிட்டுப் போனார். இரண்டு வாரக் கூலி. "நீ படிக்கிற பாடத்துல இது வருதாமே, நல்லதுதானே தம்பி?" என்று அப்பா கேட்டார். பதில் சொல்லும் கடமை எனக்கு வந்துவிட்டது.

நான் சொன்னது இது. மைட்டோகாண்டிரியாவிலிருந்து சிந்தும் வீரிய ஆக்ஸிஜன் துகள்கள் செல்லை அரித்து மூப்பைத் தருகின்றன என்று டென்ஹாம் ஹார்மன் 1956-இலும் 1972-இலும் எழுதியது உண்மை. அத்துகள்களை அடக்கும் பொருள்களைத் தின்றால் மூப்பு தள்ளிப் போகும் என்று உலகமே நம்பியதும் உண்மை. ஆனால் ஈஸ்ட்டில், வளரும் பருவத்தில் அத்துகள்கள் சிறிதளவு கூடினால் செல் விழித்துக்கொண்டு தற்காப்பைப் பலப்படுத்தி நெடுநாள் வாழ்கிறது என்று 2011-இல் ஷேடல் குழு காட்டியது. மனிதர்களிடம் நடந்த பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த 2007-ஆம் ஆண்டு ஆய்வு, பீட்டா கரோட்டின், வைட்டமின் ஏ, வைட்டமின் ஈ மாத்திரைகள் ஆயுளைக் கூட்டவில்லை, சாவைச் சற்றுக் கூட்டவும் கூடும் என்று கூறியது. ஒரே குறை ஒரு வகை ஈஸ்ட்டில் ஆயுளைக் கூட்டி, இன்னொரு வகையில் குறைக்கும்போது, ஒரே தூள் எல்லா மனிதருக்கும் இளமை தரும் என்பவர் எதைக் கண்டு சொல்கிறார்? அப்பா சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்ப முழங்காலுக்கு?" என்றார். முழங்காலுக்கு அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். ஈஸ்ட்டுக்கு முழங்கால் இல்லை.

இதற்கெல்லாம் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டுமா என்று நண்பர்கள் கேட்கலாம். கண்ணாடி ஊசியும் ஜீன் மாற்றமும் நம் கல்லூரியில் இல்லைதான். ஆனால் கால ஆயுளை அளக்க நுண்ணோக்கியும் மெதிலீன் நீலமும் போதும். உயிருள்ள ஈஸ்ட் அந்நீலத்தை நிறமிழக்கச் செய்துவிடும். செத்தது நீலமாகவே நிற்கும். வெல்லக் கரைசலைக் கொதிக்கவைத்து ஆற்றி, ரொட்டி ஈஸ்ட்டைச் சிறிதளவு இட்டு, ஒரு குடுவையை நம் ஆய்வுக்கூடத்திலும் மற்றொன்றைப் பண்ணைக்காட்டில் எங்கள் வீட்டு மாடத்திலும் வைத்தேன். வாரந்தோறும் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்ததில், இங்குள்ள குடுவையில்தான் நீலச் செல்கள் முதலில் பெருகின. குளிரில் ஆயுள் நீண்டது என்று சொல்லலாம். ஆயினும் இதில் மைட்டோகாண்டிரியாவின் பங்கு எவ்வளவு என்று சொல்ல முடியாது; குளிர், செல்லின் எல்லா வினைகளையுமே மெதுவாக்கும்.

அதைப் பிரித்தறியப் பெத்தீத் வேண்டும். அதற்கு நச்சுச் சாயமும் தேவையில்லை; தாமாகத் தோன்றுபவையே போதும். விதையின் உயிர்ப்பை அறிய நாம் பயன்படுத்துகிறோமே டெட்ரசோலியம், அதனை அகாருடன் கலந்து ஈஸ்ட் கூட்டங்களின் மேல் மெல்ல ஊற்றினால், சுவாசிக்கும் கூட்டங்கள் சிவக்கும். பெத்தீத்கள் வெள்ளையாகவே நிற்கும். வெள்ளையில் ஒன்றைத் தொட்டெடுத்து, கிளிசரின் மட்டும் உள்ள தட்டில் இட்டு, அங்கே வளரவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பிறகு சிவப்பும் வெள்ளையும் இரண்டிரண்டு குடுவைகளாக, ஒரு ஜோடி மலையில், ஒரு ஜோடி சமவெளியில். குளிர் வெள்ளையின் ஆயுளையும் சிவப்பின் ஆயுளைப் போலவே நீட்டுமானால், அந்த நீட்டிப்புக்குச் சுவாசம் இன்றியமையாததன்று. சிவப்பை மட்டும் நீட்டுமானால் கதை வேறு.

கடை ஈஸ்ட்டோடு, எங்கள் தோட்டத்து மலைவாழையின் தோலிலிருந்து வழித்தெடுத்த ஒரு வகையையும் இதில் சேர்த்திருக்கிறேன். அது செரிவிசியேதானா என்பதைத் துறை ஆசிரியர் ஒருவர் பார்த்துச் சொல்வதாக ஏற்றுக்கொண்டிருக்கிறார். இக்கட்டுரையை மலர்க் குழுவிடம் கொடுக்கும் இன்று, முதல் தட்டில் வெள்ளைக் கூட்டங்கள் மூன்று தெரிகின்றன. கிளிசரின் தட்டுகள் நாளைக் காலையில் ஊற்றப்படும்.